தவளைக்கு விரித்த துணி

என் கை துணியைத் தொட்டால் பொய் சொல்லாது என்று எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. நான் கட்டிங் மாஸ்டர். பனியன் துணி ரோலைப் பிரித்து ஒரு தடவு தடவினால் போதும், எத்தனை கனம், எப்படிப்பட்ட நூல், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். அப்புறம் தராசில் வைத்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் வரும். இந்தப் பேச்சை நானும் நம்பினேன். நம்பியதோடு நின்றேனா, நாலு பேர் கூடும் இடத்தில் நானே எடுத்தும் விடுவேன். இப்போது யாராவது "மாஸ்டர், கொஞ்சம் கை வெச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று ரோலை நீட்டினால் எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கைதான் எங்கள் வீட்டில் நாலு உயிரை எடுத்தது. நாலும் தவளைகள். தவளைதானே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், யாரோடும் வாதாட எனக்குத் தெம்பில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து என் மனைவி உண்டானாள். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பெண் குழந்தை. அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. சோறு ஆக்குவாள், கூட்டுவாள், துவைப்பாள். "சாப்புடுங்க" என்பாள், "கதவைச் சாத்துங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நாங்கள் இருப்பது திருப்பூர் முதலிபாளையம் பக்கம் ஒரு வாடகை வீடு. ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, பின்னால் பாத்ரூம். இவ்வளவு சின்ன வீட்டில் ஒருத்தி பேசாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய வீடாகிவிடும் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பாத்ரூமில் ஒரு தவளை இருந்தது. பழுப்பு நிறம், ஒட்டடைக்குச்சி மாதிரி நீளக் கால், விரல் நுனியில் பொட்டு வைத்தது போல வட்டம். பகலெல்லாம் ஜன்னல் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் லைட்டுக்கு வரும் பூச்சியைப் பிடிக்க இறங்கும். எங்கள் பக்கம் இது இல்லாத பாத்ரூமே கிடையாது. பெரும்பாலும் எல்லோரும் இதையும் தேரை என்றுதான் சொல்வார்கள். என் மனைவி ஆறு மாதமாக இருந்தபோது ஒரு நாள் குளிக்கையில் அது அவள் தோளில் குதித்துவிட்டது. தலை துவட்டிக்கொண்டே சிரித்தபடி வெளியே வந்தாள். "ஏனுங்க, என்ற தோளென்ன மரக்கெளையா, எம்பட்டு ஜோரா வந்து ஒக்காருது பாருங்க" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

குழந்தை போன பிறகு மூலனூரிலிருந்து என் அக்கா வந்தாள். கூடவே ஒரு சாக்கு முருங்கைக்காய். துக்கத்துக்கு வருகிறவள் முருங்கைக்காய் கொண்டு வருவாளா என்று கேட்காதீர்கள், அவள் வெறுங்கையோடு எங்கேயும் போகத் தெரியாதவள். ஒரு வாரம் இருந்து என் மனைவிக்கு உடம்புக்கு ஊற்றி, தலைக்கு ஊற்றி எல்லாம் செய்தாள். எங்களைவிட அதிகமாக அழுததும் அவள்தான். ஒரு மத்தியானம் ரெண்டு பேரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என்ன நினைத்தாளோ, என் மனைவி அந்தத் தவளை தோளில் குதித்ததைச் சொன்னாள். அக்கா அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

"தேரையா பாஞ்சுது? ஏனம்மணி, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மந்திரிச்சுக் கயிறு கட்டியிருப்பனே."

தேங்காயை உடைத்தால் சில நேரம் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. தேரை விழுந்த காய் என்போம். வயிற்றுப் பிள்ளைக்கும் அதையே சொல்வது எங்கள் வழக்கம். அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என் மனைவியின் மேல் விழுந்தது, விழுந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. தவளை குதித்தபோது தான் சிரித்ததைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அக்கா ஊருக்குப் போன அன்று சாயங்காலம் நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். எனக்குத் தேரை தோஷத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. கடவுளை அடிக்க முடியாது, டாக்டரை அடிக்க முடியாது. தவளையை அடிக்கலாம். விளக்குமாற்றை ஓங்கிய கையை அவள் பின்னாலிருந்து பிடித்தாள்.

"உடுங்க. அது என்னங்க பண்ணுச்சு?"

நாற்பது நாளில் அவள் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் பொழுது சாய்ந்தால் பாத்ரூம் லைட்டைப் போட்டுவிடுவாள். பூச்சி வரட்டும், அது தின்னட்டும் என்று. வாசல்படியில் முக்காலியைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். போனில் தேடித்தேடிப் படித்தாள். ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இது தேரையே இல்லீங்க. மரத்தவளையாமா. தேரை தரையிலதான் கெடக்குமாமா. இது செவுத்துல ஏறுதுல்ல?" என்றாள். கோர்ட்டில் குற்றம் செய்தது வேறு ஆள் என்று நிரூபித்த வக்கீல் மாதிரி ஒரு முகம். "ஆமா, தேரை ஏறாதே" என்றேன். எனக்கென்ன தெரியும்? அவள் பேசினாள், எனக்கு அது போதும்.

அடுத்த வாரம் கட்டிங் மிஷின் கத்தி விஷயமாகக் கோயமுத்தூர் போனவன், வளர்ப்புப் பிராணி விற்கிற ஒரு கடையைப் பார்த்தேன். மீன், கிளி, வெள்ளெலி எல்லாவற்றுக்கும் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடிப் பச்சைத் தவளை. ஆஸ்திரேலியாச் சாதி. சோப்புக் கட்டியை ஈரத்தில் போட்டு வைத்தது போல மொழுமொழுவென்று, கண்ணை மூடிக்கொண்டு, எதையோ நினைத்துத் தனக்குள் சிரிக்கிற மாதிரி வாய். வாங்கிவிட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன். வெளிநாட்டுச் சாதிக்குப் பதிவு வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். உள்ளூர்த் தவளையைப் பிடித்து அடைத்து வைக்கக் கூடாது, அது தப்பு என்றும் சொன்னார். பாத்ரூமில் இருப்பது வாடகை தராமல் தானாக வந்து குடியிருப்பது, நாங்கள் அடைக்கவில்லை என்றேன். சிரித்தார்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் ரெண்டு தடவை சொன்னார். "இது வாயில தண்ணி குடிக்காதுங்க. வயித்துத் தோலாலதான் குடிக்கும். தோல்ல என்ன பட்டாலும் உள்ள போயிரும். சோப்புக் கையோட தொட்டுறாதீங்க. அடியில வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைச்சு விரிங்க, மணம் இல்லாத பேப்பரா இருக்கோணும். தெனமும் மாத்திப்போடுங்க."

நான் தலையாட்டினேன். அவரும் சொல்லிவிட்டார், நானும் கேட்டுவிட்டேன். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

மூன்று மாதத்தில் இன்னொரு ஜோடி வந்தது. இந்தத் தடவை அவளே கேட்டாள். செவ்வகக் கண்ணாடிக்குப் பதிலாக உயரமான பெட்டி, உள்ளே கொடி, குச்சி. இவை மெலிந்த சாதி. பகலில் இலை மேல் ஒட்டி இலையாகவே கிடக்கும், பொழுது சாய்ந்து கண்ணைத் திறந்தால் குங்குமத்தைக் கரைத்தது போலச் சிவப்பு. ரெண்டு சாதியையும் ஒன்றாகப் போடலாமா என்று நான் கேட்டதற்கு அவள் என்னை முறைத்தாள். "பெருசு சின்னதைத் தின்னுபோடும். ஒண்ணோட கோழை இன்னொண்ணுக்கு ஆகாது. கூட்டுக் குடித்தனமெல்லாம் இதுகளுக்கு ஒத்து வராதுங்க." பெரிசுக்கு ஈரம் மிதமாக வேண்டும், அடிக்கடி காற்றாட வேண்டும். சிவப்புக் கண்ணுக்கு நாளுக்கு மூன்று தடவை தெளிக்க வேண்டும். பெரிசுக்கு ஒன்று விட்டு ஒரு நாள் தீனி, இல்லாவிட்டால் கொழுத்துவிடும். சிவப்புக் கண் பயந்தது, கையைக் காட்டினாலே ரெண்டு நாள் தின்னாது. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தீனிக்குச் சிள்வண்டு வளர்த்தாள். பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டையை அடுக்கி, கேரட் துண்டு போட்டு, அவற்றுக்கு ஒரு ஊர். தவளைக்குப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டையும் கால்சியம் பவுடரில் புரட்டுவாள். வண்டுகள் பகல் பாராமல் கத்தும். பக்கத்து வீட்டில் கேட்டால் கரண்ட் பெட்டி சத்தம் என்று சமாளித்தேன்.

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரிய பயம். எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும், அதில் துணி துவைத்தாலே நிறம் மாறும். அதை அவள் பெட்டிப் பக்கமே கொண்டு போகவில்லை. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற அன்று பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுக்க வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் ஊற்றுவாள். ஒரு தடவை குழாய் பத்து நாள் வரவில்லை. கொமரலிங்கத்தில் ஒரு சொந்தக்காரர் காதுகுத்துக்குப் போனவன், அவர் வீட்டுக் கிணற்றிலிருந்து ரெண்டு கேன் இறைத்து பஸ்ஸில் தூக்கி வந்தேன். கண்டக்டர் தீர்த்தமா என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவு கண்ணும் கருத்துமாகத் தண்ணீரைக் காவல் காத்தோம். சனியன் வேறு வாசலில் வந்து நின்றது.

தைப்பூசத்துக்கு ஊரே பழனிக்கு நடந்து போனது. நாங்கள் போகவில்லை. அன்று காலை முருகன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து, பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தபடி அவள் சொன்னாள்.

"ஏனுங்க. அடுத்த தைப்பூசம் வரைக்கும் இதுக நாலும் என்ற கையில உசுரோட இருக்கட்டும். அப்புறம் டாக்டர்கிட்டப் போலாமுங்க."

அவள் அதை என்னிடம் சொன்னாளா, படத்திலிருந்தவரிடம் சொன்னாளா என்றும் தெரியவில்லை. மறுபடி ஒரு பிள்ளைக்கு அவள் சம்மதிப்பாள் என்ற நினைப்பையே நான் விட்டிருந்தேன். அந்த நாலு தவளையும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் என்று இனிமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் மட்டும் வைக்கவில்லை. நான் விளையாட்டாகப் பெரிசுக்கு ஒரு பெயர் சொன்னேன். "வேண்டாமுங்க, பேரு வெச்சாத் தங்காது" என்றாள். குழந்தைக்கு அஞ்சாம் மாதமே பெயர் பார்த்து வைத்தவள் அவள்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்து போனில் சாமியாடினாள். "தேரை விழுந்த ஊட்டுல தேரையைக் காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கியா சாமி? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?" போனை என் மனைவி வாங்கினாள். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். "நங்கையா, இதுக ஒரு வருஷம் நல்லா இருந்து காட்டட்டும். அப்புறம் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் அக்காவிடம் அப்படிப் பேசியவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

சித்திரை வெயிலில் எங்கள் வீடு அடுப்பு மாதிரி கொதிக்கும். பெட்டிகளை நடு ரூமுக்கு மாற்றி, தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துப் பக்கத்தில் நிறுத்தி, மணிக்கொரு தரம் சூடு பார்த்தாள். கரண்ட் போனால் விசிறியால் வீசினாள். எனக்கு வீசியதில்லை. ஒன்றும் சாகவில்லை. ஆடிக் காற்று போயிற்று, ஐப்பசி மழை போயிற்று. ஒன்றும் சாகவில்லை. பெரிசு ஒன்று அவள் கை வைத்தால் ஏறி உட்கார்ந்து தொண்டையை ஆட்டிக்கொண்டிருக்கும். மார்கழி பிறந்ததும் அவள் காலண்டரில் தைப்பூசத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த மார்கழியில்தான் டிஷ்யூ பேப்பர் தகராறு. நனைந்த பேப்பர் தவளை வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிழியும். ஒரு நாள் சிவப்புக் கண் ஒன்று வண்டோடு சேர்த்துப் பேப்பரையும் கவ்விவிட்டது. அவள் பதறிப்போய் ஊதிக் கீழே விழச் செய்தாள். அப்போதுதான் என் வாயில் சனி உட்கார்ந்தது.

"திருப்பூர்ல இருந்துட்டுத் துணிக்குப் பஞ்சமா அம்மணி? காகிதத்தை எதுக்குக் கட்டிட்டு அழுவோணும்?"

எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. சட்டி இறக்க, வண்டி துடைக்க, தரை துடைக்க, தொட்டில் கட்ட, எல்லாவற்றுக்கும் பனியன் துணிதான். அதில் எது நல்லது என்று எனக்குத் தெரியாதா? சாதாரணத் துணி வேண்டாம், தோல் மென்மையான பிராணி. இருப்பதிலேயே மெத்தென்ற துணி வேண்டும். பீரோவின் கீழ்த்தட்டில் அது இருந்தது. வெள்ளை இன்டர்லாக், ரெண்டு பக்கமும் வழவழவென்று பின்னிய பருத்தித் துணி, பெரிய துண்டு. அவள் உண்டாகி இருந்தபோது குழந்தைச் சட்டை ஆர்டர் ஒன்று எங்கள் கம்பெனியில் ஓடியது, அதில் மிஞ்சியதை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று சொல்ல வேண்டாம். தொட்டால் கை வழுக்கிக்கொண்டு போகும். ரோல் ரோலாகத் தடவிப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தது.

அதை வெளியே எடுத்தபோது அவள் பார்த்தாள். "அதுவாங்க?" என்றாள்.

"சும்மாதான கெடக்குது."

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அழவில்லை. "மெத்துன்னு இருக்குதுங்க" என்றாள். ரெண்டு தண்ணீர் அலசி, நானே அளவெடுத்து ரெண்டு பெட்டிக்கும் வெட்டிக் கொடுத்தேன். அவள் தன் கையால் விரித்து, சுருக்கம் நீவிவிட்டாள். அந்தத் துணியை அவளால் தொட முடிந்ததே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போனேன். வழியெல்லாம் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் காலையில் சிவப்புக் கண் ஒன்று கீழே கிடந்தது. கால்களை நீட்டிவிட்டு, வயிறு சிவந்து, புரட்டிப் போட்டால் திரும்பத் தெரியாமல். இன்னொன்று கண்ணாடியில் ஒட்டப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. அவள் வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவினாள். நான் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சோப்பு, லோஷன், கொசு மருந்து ஏதாவது பட்டுச்சாங்க?"

"இல்லீங்க."

"தண்ணி மாத்துனீங்களா?"

"அதே தண்ணிதானுங்க."

அவர் துணியைப் பற்றிக் கேட்கவில்லை. கோயமுத்தூர்க்காரர் எதற்குக் கேட்கப்போகிறார்? தவளைப் பெட்டிக்குள் பனியன் துணியை விரிக்கிற கிறுக்கு எங்கள் ஊரைத் தவிர வேறெங்கே இருக்கும்? எனக்கும் தோன்றவில்லை. துணி என்பது எனக்கு ஒரு பொருளாகவே தெரிந்ததில்லை, மீனுக்குத் தண்ணீர் மாதிரி அது என்னைச் சுற்றி எப்போதும் இருப்பது. மத்தியானத்துக்குள் ரெண்டு சிவப்புக் கண்ணும் போயின. மறுநாள் பெரிசுகள். பெரிசு ஒன்று அவள் உள்ளங்கையில் இருக்கும்போதே தொண்டை ஆட்டம் நின்றது. தைப்பூசத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

பின்னால் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம். மண்ணைத் தள்ளிவிட்டு அவள் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

"என்ற கையில எதுவுமே தங்காதுங்க."

"அப்படியெல்லாம் பேசாத அம்மணி" என்றேன். வேறு என்ன சொல்ல? அப்போது எனக்குக் காரணம் தெரியாது. அது வரைக்கும் நான் குற்றவாளி இல்லை.

ஒன்பது நாள் கழித்துத் தெரிந்தது. கம்பெனிக்கு அதே வெள்ளை இன்டர்லாக், புது ஆர்டர் வந்திருந்தது. மேஜையில் விரித்துக்கொண்டிருந்தபோது யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்ததில் நாலு சொட்டு துணி மேல் தெறித்தது. பருத்தித் துணி சொட்டை உடனே குடித்துவிட வேண்டும். இது குடிக்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி சொட்டு உருண்டு நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். துணி கைக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று சாயப்பட்டறையில் கடைசியாக ஒரு மருந்தில் முக்கி எடுப்பார்கள். பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு மருந்து. ரெண்டு தண்ணீரில் அலசினால் போகிற சமாசாரம் இல்லை. வயிற்றுத் தோலால் தண்ணீர் குடிக்கிற பிராணிக்கு, இருப்பதிலேயே மருந்து அதிகமான துணியை என் கையால் தடவித் தடவிப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் கை இல்லை, என் துணி என்று ஒரு வரி. சொன்னால் என் மூஞ்சியில் முழிப்பாளா என்று பயம். எந்தத் துணி என்று நினைத்தால் இன்னும் பயம். இன்றைக்கு வேண்டாம், தைப்பூசம் போகட்டும் என்றேன். தைப்பூசம் போயிற்று. பங்குனி போயிற்று. அவள் மறுபடி "சாப்புடுங்க", "கதவைச் சாத்துங்க" என்று சுருங்கிவிட்டாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட நிறுத்தினாள், தான் ஊற்றினால் பட்டுப்போய்விடுமாம். பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனபோது வாங்கச் சொல்லி நீட்டினார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் கெட்டேன்.

ஆடியில் அக்கா வந்தாள். இந்தத் தடவை நல்லதுக்கு வந்தாள். யாரோ ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்து வைத்திருந்தாள். "நடந்தது நடந்து போச்சு கண்ணு. ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்று என் மனைவியின் தலையைத் தடவினாள். என் மனைவி ரெண்டு உள்ளங்கையையும் அவளிடம் நீட்டினாள்.

"நாலு தவக்காயைக் காப்பாத்த முடியாத கை நங்கையா இது. இதுல புள்ளையைக் குடுக்கச் சொல்லி எந்த டாக்டருகிட்டக் கேக்கறது?"

அக்கா தன் பையை எடுத்துக்கொண்டாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் நான் சொல்லிவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, துணி, மருந்து, சொட்டு, ஆறு மாதமாக மறைத்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். "உன்ற கை இல்ல அம்மணி. நான்தான். நான்தான் கொன்னேன்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

செருப்போடு உள்ளே வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"அதுகளைப் பொதைச்சுட்டு வந்து பொட்டியக் கழுவறப்ப அந்தத் துணியப் புழிஞ்சனுங்க. நொரை வந்துது. சோப்புப் போடாத துணியில நொரை ஏனுங்க வருது?" ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். "நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன். அப்புறம், சொல்லாம இருந்தாலே தேவலைன்னு ஆயிப்போச்சு."

"ஏன் அம்மணி?"

"துணியாலன்னு ஆயிட்டா, அடுத்து என்ன சொல்லுவீங்க? மறுக்கா வாங்கலாம்பீங்க. மறுக்கா ஆஸ்பத்திரிக்குப் போலாம்பீங்க. என்ற கையாலன்னு இருந்தா யாரும் என்னைய ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இன்னொண்ணைய மண்ணுல வைக்க எனக்குத் தெம்பு இல்லீங்க." அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுகை இல்லை, கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. நங்கையாகிட்டயும் சொல்லாதீங்க. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

கண்ணாடிப் பெட்டிகளை அந்த வாரமே தூக்கிப் பரணில் போட்டேன். இத்தனை நாளும் நானே கேரட் போட்டு வந்த வண்டு டப்பாவைத் திறந்து காட்டில் விட்டுவிட்டு வந்தேன். பாத்ரூம் தவளை மட்டும் அதே ஜன்னலிடுக்கில் இருக்கிறது. அதை யாரும் வளர்க்கவில்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பேச்சு மறுபடி வந்தது, நான் மழுப்பினேன். அக்கா பெருமூச்சு விட்டாள்.

"என்ன பண்றது சாமி. அவ கைராசி அப்படி. இல்லியா?"

பூண்டு உரிக்கிற கை நின்றது. என் மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.

பூச்சி வரும் நேரம். அவள் எழுந்து போய் பாத்ரூம் லைட்டைப் போட்டுவிட்டு வந்தாள்.